அழுக்குக்கு யார் கொடுத்த நற்சான்று?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் தங்களைக் கழுவிக்கொள்ளத் தொடங்கின. தெருவில் ஓடிய கழிவுநீர் மண்ணுக்கடியில் போனது. தொலைதூர ஏரிகளின் நீர் குழாய் வழியே வீட்டுக்கு வந்தது. பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கி விற்கும் வழக்கம் பரவியது. இரண்டு தலைமுறைக்குள் பலன் தெரிந்தது. காலரா ஓய்ந்தது, டைபாய்டு அடங்கியது, கோடைதோறும் கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு போன வயிற்றுப்போக்கு குறைந்தது. மலம் வழியே வெளியேறி வாய் வழியே நுழையும் நோய்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிய அந்தக் காலத்தில், அதே பாதையில் பரவும் ஒரு நோய் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. தண்டுவடத்தில் அழற்சியை உண்டாக்கி, தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழித்து, நேற்றுவரை ஓடிய பிள்ளையின் காலைத் துவளவைக்கும் போலியோதான் அது. சுத்தம் பெருகப் பெருக இந்த நோய் ஏன் பெருகியது என்ற கேள்விக்கு மருத்துவ வரலாறு ஒரு விடை தந்திருக்கிறது. விடை பெருமளவு சரியானதே. ஆனால் அழுக்கில் வளரும் குழந்தைக்கு இந்த நோயிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று அந்த விடையிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட முடிவு தப்பு. அந்தத் தப்பின் விலையை ஏழை நாடுகளின் குழந்தைகள் கொடுத்தார்கள். அதே தர்க்கம் இன்று வேறொரு நரம்பு நோயின் பெயரால் திரும்பி வந்திருப்பதால், பழைய கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நோய் புதிதல்ல. ஜெர்மானிய எலும்பு மருத்துவர் யாகோப் ஹைனே 1840-லேயே அதைத் தனி நோயாக விவரித்து நூல் எழுதினார். அவர் கண்டவர்கள் அங்கொருவரும் இங்கொருவருமாக வந்த குழந்தைகள். கொள்ளைநோயாக அது உருவெடுத்தது நூற்றாண்டின் இறுதியில். 1894-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சார்லஸ் காவர்லி என்ற மருத்துவர் ஒரே கோடையில் 132 பேரைக் கணக்கெடுத்தார். 1905-ல் சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, இவார் விக்மன் என்ற மருத்துவர் ஊர் ஊராக நோயின் தடத்தைப் பின்தொடர்ந்து, மற்றவர்கள் கவனிக்காத ஒன்றைக் கண்டுகொண்டார். காய்ச்சலும் தலைவலியும் மட்டும் வந்து, கைகால் எதுவும் முடங்காமல் தேறியவர்களும் அதே நோயைத்தான் சுமந்தார்கள், பரப்பினார்கள். 1908-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் இறந்த குழந்தையின் தண்டுவடத் திசுவைக் கொண்டு குரங்குகளுக்கு நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். காரணம் பாக்டீரியாவைவிட நுண்ணிய வைரஸ் என்பது விரைவில் உறுதியானது. வைரஸ் கிடைத்த மகிழ்ச்சியில் விக்மன் சொன்னது பின்னுக்குப் போயிற்று. முடங்கியவர்கள் தொற்றுக்கு ஆளானவர்களில் ஒரு சிறு பகுதிதான் என்ற அந்தச் செய்தியில்தான் புதிருக்கான விடை இருந்தது.

1916 ஜூனில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலியக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் நோய் தலைகாட்டியது. நகரச் சுகாதாரத் துறை காலராவுக்கும் டைபாய்டுக்கும் படித்த பாடத்தையே இதற்கும் ஒப்பித்தது. தெருக்கள் கழுவப்பட்டன. ஈக்களுக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. பூனைகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. 16 வயதுக்கு உட்பட்டவர்களிடம், நகரைவிட்டு வெளியேற நலச் சான்றிதழ் கேட்டார்கள். நோயுற்ற பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்தாக வேண்டும். அவை இல்லாத வீட்டுப் பிள்ளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டது. ஏழைத் தாய்மார்களுக்கு நோயைவிட அதிகாரிகளைக் கண்டு அச்சம் மிகுந்தது. இத்தனைக்குப் பிறகும் நியூயார்க்கில் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்று, 2,400 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் சுமார் 27,000 பேர் பாதிக்கப்பட, 6,000 பேர் இறந்தார்கள். கணக்கு முடிந்தபோது, குடியேறிகள்மேல் சுமத்திய பழியை எண்கள் ஏற்கவில்லை. நெரிசல் மிகுந்த மன்ஹாட்டனைவிட, வீடுகள் தள்ளித் தள்ளி இருந்த ரிச்மண்ட் பகுதியில்தான் மக்கள்தொகையின் விகிதத்தில் பாதிப்பு அதிகம். அழுக்கைத் தேடிப் போன துறைக்கு நோய் அகப்பட்டது விசாலமான தெருக்களில்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட் 1910-களிலேயே இதற்கு விளக்கம் வைத்திருந்தார். தொற்று எங்கும் பரவிக் கிடக்கிறது. பெரும்பாலோர் அறிகுறியே இல்லாமல் அதைக் கடந்து எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. தொற்றுக்கு ஆளாகும் 200 பேரில் ஒருவருக்குத்தான் உறுப்பு முடங்குகிறது. வயது ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறுகிறது. பிறந்த சில மாதங்கள் வரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கின்றன. எங்கும் மலக் கிருமி கலந்த சூழலில் அந்த மாதங்களுக்குள்ளேயே வைரஸ் வந்து சேர்ந்தால், பல குழந்தைகள் நரம்புக்குச் சேதமின்றித் தப்புகிறார்கள். குடிநீரும் கழிப்பறையும் சுத்தமானபோது கிருமி அடியோடு ஒழியவில்லை. அதைச் சந்திக்கும் நாள் தள்ளிப்போயிற்று. தாய் தந்த காப்பு கரைந்த பிறகு, ஐந்து வயதில், பதினைந்து வயதில், முப்பது வயதில் முதன்முறையாகச் சந்தித்தவர்கள் முடங்கினார்கள். 1916-ல் நியூயார்க்கில் நோயுற்றோரில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்; 1950 வாக்கில் அமெரிக்க நோயாளிகளில் மூன்றில் ஒருவர் 15 வயதைத் தாண்டியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மால்டா தீவில் நோய் பரவியபோது, உள்ளூரில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகள். பிரிட்டிஷ் படையிலோ வாலிபர்கள். போருக்குப் பின் ஜான் பால் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கெய்ரோவில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் இருந்தது.

இந்த விளக்கத்துக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. கழிப்பறையும் குழாய்நீரும்தான் காரணம் என்றால், அவை எதுவும் இல்லாத இடத்தில் கொள்ளைநோய் வரக்கூடாது. 1949 குளிர்காலத்தில் கனடாவின் வடகோடியில், ஹட்சன் விரிகுடா ஓரத்துச் செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் என்ற குடியிருப்பில் இனுயிட் மக்களிடையே போலியோ புகுந்தது. சில நூறு பேர் கொண்ட சமூகத்தில் பலர் முடங்கினார்கள், பலர் இறந்தார்கள். பெரியவர்களையும் அது விடவில்லை. அங்கே பாதாளச் சாக்கடையும் இல்லை, நவீனக் குளியலறையும் இல்லை. இது மறுப்பாகத் தோன்றினாலும், உண்மையில் விளக்கத்தைக் கூர்மைப்படுத்துகிறது. உலகத்தோடு போக்குவரத்துக் குறைந்த அந்தச் சமூகத்துக்கு வைரஸ் புதிது. ஆகவே எல்லா வயதினரும் முதன்முறையாக அதைச் சந்தித்தார்கள். நியூயார்க்கில் சுத்தம் செய்த வேலையை அங்கே தூரம் செய்திருந்தது. ஆகவே சோப்பும் குழாயும் இந்தக் கதையின் மூலகாரணம் அல்ல. கிருமி உடலை முதலில் சந்திக்கும் வயது எதனால் தள்ளிப்போனாலும் விளைவு ஒன்றுதான். சுத்தம் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல.

இதுவரை சரி. இதிலிருந்து வழுக்கி விழுந்த இடம் அடுத்தது. பணக்கார நாடுகளில் கொள்ளைநோய், ஏழை நாடுகளில் அமைதி என்று இருந்ததால், வெப்பமண்டலக் குழந்தைகளுக்குப் போலியோ பெரிய பிரச்சினை இல்லை என்ற எண்ணம் மருத்துவ உலகில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. எளிய கணக்கு ஒன்றைப் போட்டிருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தொற்று வந்து, 200-ல் ஒன்று முடங்கினால், ஆயிரத்துக்கு ஐந்து பிள்ளைகள் ஊனமாவார்கள். தாய்வழிக் காப்பு சிலரைக் காப்பாற்றும், எல்லாரையும் அல்ல. முதல் சில மாதங்களைத் தாண்டித் தொற்றுகிறவர்களே அதிகம். 1970-களில் கானா நாட்டின் டான்ஃபா வட்டாரத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். போலியோவால் வந்த கால் ஊனம் ஆயிரத்துக்கு 7 பேரிடம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால், கொள்ளைநோய் உச்சத்தில் இருந்த அமெரிக்காவுக்கு அது குறைந்ததல்ல. ஒரு வேறுபாடுதான். அமெரிக்காவில் ஒரு கோடையில் ஒரே ஊரில் நூறு பிள்ளைகள் விழுந்தார்கள், செய்தித்தாள் அலறியது. ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஆண்டுக்கு ஒரு குழந்தை, அதுவும் நடக்கப் பழகுமுன்னே முடங்கியது. காய்ச்சலில் வந்தது, விதி, தெய்வக் குற்றம் என்று குடும்பம் ஏற்றுக்கொண்டது. அமைதி என்று நினைத்தது கணக்கெடுப்பு இல்லாமையே. இந்தியா உட்படப் பல நாடுகளில் அதே முறையில் கணக்கெடுத்தபோதும் சூம்பிய கால்கள் அதே கதையைச் சொல்லின.

அந்தத் தவறான அமைதிக்கு விலை உண்டு. ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி 1955-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவின் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978-ல்தான் தொடங்கியது. போலியோ சொட்டு மருந்து அதற்கடுத்த ஆண்டு அதில் சேர்ந்தது. இடையில் போன கால் நூற்றாண்டுக்கு வறுமை, நிர்வாகம், மருந்தின் தட்டுப்பாடு என்று பல காரணங்கள் உண்டு. இந்த நாட்டுக் குழந்தைகளுக்கு அது அவ்வளவு அவசரமில்லை என்ற எண்ணமும் அவற்றுள் ஒன்று. மருந்து கொடுத்த இடத்திலும் அது முழுமையாகப் பலிக்கவில்லை என்ற பாடத்தை வேலூர் சொல்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்தில் உள்ளூர்க் குழந்தைகளுக்கு மூன்று தவணை சொட்டு மருந்து கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார். அமெரிக்காவில் 90 சதவீதத்துக்கு மேல் பலித்த மருந்து, இங்கே போலியோ வைரஸின் முதலாம், மூன்றாம் வகைகளுக்கு எதிராக மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கே பலித்தது. பல ஆண்டுகள் கழித்து உத்தரப்பிரதேசத்தில் நிலைமை இன்னும் மோசமாகத் தெரிந்தது. 2006-ல் வெளியான ஆய்வின்படி அங்கே முதலாம் வகைக்கு எதிராக ஒரு தவணை மருந்து சராசரியாக 9 சதவீதமே காத்தது. பத்துத் தவணை வாங்கிய பிள்ளைகளும் முடங்கினார்கள். நெரிசல், வயிற்றுப்போக்கு, குடலில் எப்போதும் குடியிருக்கும் வேறு கிருமிகள் ஆகியவற்றில் ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினார்கள்.

அழுக்கு பாதுகாக்கிறது என்ற வாதம் இங்கேதான் முற்றாக உடைகிறது. இயற்கைத் தொற்றுக்குச் சீக்கிரம் வழிவிட்ட அதே சூழல், தடுப்பு மருந்தைக் குடலில் வேலை செய்யவிடாமல் தடுத்தது. 2009-ல் இந்தியாவில் 741 பேர் முடங்கினார்கள். உலகக் கணக்கில் ஏறத்தாழப் பாதி அது. அப்போது தீட்டிய திட்டம் மேற்கு உத்தரப்பிரதேசம், பிஹாரின் கோசி ஆற்றுப் பகுதி உட்பட 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது. முதலாம், மூன்றாம் வகைகளுக்கு எதிரான புதிய இரட்டை வகைச் சொட்டு மருந்தோடு கைகழுவும் பழக்கம், கழிப்பறை, குடிநீர், வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரை எல்லாம் சேர்ந்தே போயின. அடுத்த ஆண்டு எண்ணிக்கை 42. மேற்கு வங்கத்தின் ஹௌராவில் 2011 ஜனவரி 13 அன்று முடங்கிய குழந்தையே இந்தியாவில் இயற்கை வைரஸுக்கு இரையான கடைசிக் குழந்தை. 2014 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவைப் போலியோ அற்ற வட்டாரமாக அறிவித்தது. இந்த வெற்றியில் மருந்தின் பங்கே பெரிது என்பதில் ஐயமில்லை. சுத்தத்தின் பங்கைத் தனியே பிரித்து அளக்க முடியாது. ஆனால் சுத்தம் குறுக்கே நிற்கவில்லை, துணை நின்றது என்பதை மறுக்க யாராலும் முடியாது.

இனி இன்றைய நோய்க்கு வருவோம். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்பது உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற மேலுறையைத் தாக்கும் அழற்சி நோய். மேலுறை உரிந்த மின்கம்பி போல நரம்பு செய்தியைத் தவறவிடுகிறது. வாலிப வயதில், பெண்களுக்கு அதிகமாக வருகிறது. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதிகம், வெப்பமண்டலத்தில் குறைவு. போலியோவின் வரைபடத்தை அறிந்தவர்களுக்கு இது பழகிய முகமாகப் பட்டது. 1963-ல் இங்கிலாந்தின் போஸ்கான்சர் குழு, இதுவும் சிறுவயதில் வந்தால் தீங்கு செய்யாத, பிற்பாடு வந்தால் நரம்பைத் தாக்கும் ஒரு தொற்றின் விளைவாக இருக்கலாம் என்று எழுதியது. 1966-ல் இஸ்ரேலில் லீபோவிட்ஸ் குழு, நோயாளிகளின் குழந்தைப் பருவ வீடுகளில் கழிப்பறையும் குடிநீர் வசதியும் மற்றவர்களுடைய வீடுகளைவிட மேலாக இருந்ததைக் கண்டது. தென்னாப்பிரிக்காவில் ஜெஃப்ரி டீன், பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களுக்கு அங்கேயே பிறந்த வெள்ளையர்களைவிட நோய் அதிகம் என்றும், பதினைந்து வயதுக்கு முன் வந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு என்றும் காட்டினார். 1990-ல் அவரும் சகாக்களும் பிரிட்டனில் பிறந்த இந்திய, மேற்கிந்தியத் தீவுக் குடியேறிகளின் பிள்ளைகளைப் பார்த்தபோது, பெற்றோரிடம் அரிதாக இருந்த நோய் பிள்ளைகளிடம் பிரிட்டிஷ் மக்களின் அளவை எட்டிக்கொண்டிருந்தது. பரம்பரை ஒன்றே, வளர்ந்த இடம் மாறியது.

எந்தத் தொற்று என்ற கேள்விக்கு 2022-ல் பெரிய சான்று கிடைத்தது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளையும் சேமித்துவைத்த ரத்தத்தையும் ஆராய்ந்தவர்கள், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு இந்த நோயின் ஆபத்து 32 மடங்கு உயர்வதைக் கண்டார்கள். ஏழை நாடுகளில் அந்த வைரஸ் பால்குடி வயதிலேயே எச்சில் வழியே தொற்றி ஓசையின்றிப் போகிறது. வசதியான வீடுகளில் பதின்வயது வரை தாமதமாகி, நிணநீர்க் கட்டிகள் வீங்கும் காய்ச்சலாக வருகிறது. அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. போலியோவில் கண்ட வயதுக் கணக்கு இங்கும் பொருந்துவதுபோலத் தெரிகிறது. ஆனால் பொருத்தம் முழுமையானதல்ல. வெயில் படுவது, உயிர்ச்சத்து டி, புகைப்பழக்கம், இளவயது உடல்பருமன், சில மரபணுக்கள் எல்லாமே இந்த நோயின் ஆபத்தை மாற்றுகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலகும் தூரமும் வசதியும் உலக வரைபடத்தில் சேர்ந்தே செல்வதால், எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இந்தியாவில் இந்த நோய் மிக அரிது என்று நெடுங்காலம் சொன்னார்கள், எம்.ஆர்.ஐ. கருவியும் நரம்பியல் மருத்துவரும் பரவியபின் எண்ணிக்கை உயர்ந்தது. கானாவின் கால்களைப் போல, எண்ணாததை இல்லாததாக எடுத்துக்கொள்ளும் தவறு இங்கும் கொஞ்சம் நடந்திருக்கிறது.

இத்தனையையும் படித்துவிட்டுப் பிள்ளைகளை மண்ணில் விட்டால் போதும் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அர்ஜென்டினாவில் 2007-ல், குடற்புழு இருந்த சில நோயாளிகளுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் தணிந்திருந்தது என்று ஒரு சிறு ஆய்வு சொன்னது உண்மை. பின்னர் பிரிட்டனில் கொக்கிப்புழுவையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனையில் மூளையின் புதிய புண்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதைவிட முக்கியம், அழுக்கின் கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கக்கூடாது. வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோயாளிகளைத் தேடி ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்கினரின் மூளையில் பன்றி நாடாப்புழுவின் கூடுகள் இருந்தன. அந்தப் புழுவின் முட்டை மனித மலத்திலிருந்து உணவுக்கும் நீருக்கும் வந்து, மூளையில் தங்கி அழற்சியைக் கிளப்புகிறது. அழுக்கு தரும் என்று சொல்லப்படும் நரம்புக் காப்பு இன்னும் ஊகம். அழுக்கு தரும் நரம்பு நோய் ஸ்கேனில் தெரிகிறது.

ஆகவே நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இந்தச் சான்றுகளிலிருந்து கிடைப்பது சுத்தத்தின் மீதான புகார் அல்ல. சுத்தம் கிருமியைத் தள்ளிப்போடுகிறது. உடலுக்கு அதை அறிமுகம் செய்யும் வேலையை அது செய்வதில்லை. அந்த வேலையைத் தாயின் காப்பும் தற்செயலும் சேர்ந்து அரைகுறையாகச் செய்த காலத்தில், ஆயிரத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள் ஊனமானார்கள். தடுப்பு மருந்து அதைத் திட்டமிட்டுச் செய்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்ட சமூகம் தோற்றிருக்கிறது: உத்தரப்பிரதேசத்தில் சொட்டு மருந்து இருந்தது, கழிப்பறை இல்லை, 2022-ல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் வட்டாரத்தில் கழிப்பறை இருந்தது, தடுப்பூசி போடாத ஒருவர் போலியோவால் முடங்கினார். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. அது வந்த பிறகுதான் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் பற்றிய வயதுக் கருத்து உண்மையில் சோதிக்கப்படும். அதுவரை ஊராட்சிகளும் சுகாதார நிலையங்களும் செய்யக்கூடியவை மூன்று: கழிப்பறை கட்டுவது, தடுப்பூசிப் பதிவேட்டை விடுபாடின்றி நிரப்புவது, முடங்கிய கையையும் காலையும் வீடு வீடாகத் தேடி எண்ணுவது. கடைசி வேலை மற்ற இரண்டைவிட அற்பமாகத் தெரியும். ஆனால் பல பத்தாண்டுகள் உலகம் ஏமாந்தது அந்த ஒன்றைச் செய்யாததால்தான்.